பூட்டிய கோப்பும் கிராலரின் சாவியும்

அலுவலகத்தின் உள் தேடலில் ஒரு சொல்லைத் தட்டியதும் விடை வந்துவிடுகிறது என்றால், கிராலர் என்ற நிரல் கோப்புகளை முன்கூட்டியே படித்து அட்டவணை போட்டிருக்கிறது என்று பொருள். பூட்டிய கோப்புகளையும் அது படிக்க வேண்டுமே என்று, நிர்வாகியின் பாஸ்வேர்டையே அதற்குக் கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. இது ஆபத்தான குறுக்குவழி. ஷேர்பாயிண்ட் என்ற ஆவணத் தளத்தில் நிர்வாகக் கணக்கை வைத்துக் கிராலரை ஓட்டினால், இன்னும் வெளியிடாத வரைவுகளும் தேடலில் ஏறிவிடும். ‘நீக்கு’ என்பது வெறும் இணைப்பாக இருக்கும் தளத்தில் கிராலர் அதையும் பின்தொடரும். உரிமை இருந்தால் கோப்பு போயே போய்விடும். அதனால் கிராலருக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கு தன்னை நிரூபிக்கும் வழிகளில் பழையது ‘பேசிக்’ முறை. பெயரையும் பாஸ்வேர்டையும் பேஸ்64 வடிவில் ஒவ்வொரு கோரிக்கையுடனும் அனுப்புகிறது. யாரும் நொடியில் பிரித்துவிடலாம் என்பதால் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கிய இணைப்பு இல்லாமல் இதைத் தொடவே கூடாது. விண்டோஸ் வலையமைப்பில் கெர்பரோஸ் எவ்வளவோ மேல். பாஸ்வேர்டு வெளியே போகாது, காலக்கெடுவுள்ள டிக்கெட்தான் போகும். லாகின் படிவமும் குக்கீயும் உள்ள தளங்கள்தான் பெரிய தலைவலி. குக்கீ காலாவதியானதும் சில தளங்கள் பிழை என்று சொல்லாமல், 200 என்ற வெற்றிக் குறியீட்டோடு லாகின் பக்கத்தையே நீட்டுகின்றன. கிராலர் அதையே ஆவணம் என நம்பி, நூற்றுக்கணக்கான முகவரிகளுக்கு ‘பயனர் பெயரை உள்ளிடவும்’ என்று அட்டவணை போட்டுவிடும். தளம் இடம் கொடுத்தால், 2012-இல் தரமாக்கப்பட்ட ஓஆத் 2.0 டோக்கனே என் தேர்வு. எதைப் படிக்கலாம், எவ்வளவு நேரம் என்று இரண்டையும் அதில் கட்டுப்படுத்தலாம்.

எல்லாவற்றையும் படிக்கும் கணக்கு திருடு போனால் என்ன ஆகும் என்று கேட்பது நியாயமே. தனிக் கணக்கு என்பதால்தான் அதை உடனே முடக்க முடியும், அது எங்கே நுழைந்தது என்பதும் பதிவேட்டில் தனியாகத் தெரியும். ரகசியக் கோப்புகளைத் தேடலிலிருந்தே விலக்கலாமே என்பார்கள். மிகச் சிலவற்றுக்கு அது சரி. மற்றவற்றுக்கு, யார் பார்க்கலாம் என்ற பட்டியலையும் கோப்போடு சேர்த்து அட்டவணையில் ஏற்றி, தேடுபவரைப் பொறுத்து முடிவுகளை வடிகட்ட வேண்டும். இதைத் தவறவிட்டால், சம்பளப் பட்டியலைத் திறக்க முடியாதவருக்கும் முடிவின் கீழ் வரும் இரண்டு வரித் துணுக்கிலேயே தொகை தெரிந்துவிடும்.