காரணமின்றி மடிவதில்லை மீன்கள்

வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதனுள் செம்மஞ்சள் உடலில் வெண்பட்டை கட்டிய கோமாளி மீன்கள் இரண்டு, நீலவண்ண மீன் ஒன்று, பாறையிடுக்கில் ஓர் இறால். விருந்தினர் வந்தால் பிள்ளைகள் முதலில் அழைத்துச் சென்று காட்டுவது அதைத்தான். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் மீன் மிதக்கிறது. மறுநாள் இன்னொன்று. தண்ணீரோ கண்ணாடியைப் போலத் தெளிவாக இருக்கிறது. மீனின் உடலில் புண் இல்லை, புள்ளி இல்லை. "என்ன காரணமென்றே தெரியவில்லை" என்பதுதான் மீன் வளர்க்கும் வீடுகளில் மிகுதியாகக் கேட்கும் சொல்.

ஊத்துக்குளி கடலைக் காணாத ஊர். வெண்ணெய்க்குப் பெயர் பெற்ற மண். பனியன் தொழிலை அண்டி வாழும் பகுதி. இங்கே ஒரு வீட்டுக்குள் கடலை வைத்துக் காப்பது எளிய செயலன்று. ஆயினும் மீன் மடிவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதைத் தேடும் முறைதான் நமக்குத் தெரிய வேண்டும்.

கண்ணேறு கழிந்ததா?

தொட்டியில் மீன் செத்தால், வீட்டுக்கு வரவிருந்த துன்பத்தை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்வோர் உண்டு. இந்தப் பேச்சு நம் வீடுகளிலும் நுழைந்துவிட்டது. இதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பது ஒருபுறமிருக்க, இந்த எண்ணத்தால் விளையும் கேடு வேறு. காரணத்தைத் தேடுவதை அது நிறுத்திவிடுகிறது. செத்த மீனை எடுத்தெறிந்துவிட்டு அடுத்த வாரம் புதிய மீன் வாங்கி அதே நீரில் விடுகிறோம். அதுவும் மடிகிறது.

பூனையைக் கட்டிப் போட்டு, உணவும் கொடாமல் அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நம் பிள்ளைகளும் அறிவர். அடைத்து வைத்த உயிரின் பொறுப்பு அடைத்தவரையே சேரும். மீனுக்கு உணவு மட்டும் போட்டால் அப்பொறுப்பு முடிவதில்லை. அது மூச்சு விடும் நீரும் நம் கையில்தான் இருக்கிறது.

உப்பெல்லாம் ஓர் உப்பன்று

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் குளோரைடு சுமார் 19 கிராம், சோடியம் சுமார் 11 கிராம், சல்ஃபேட் 2.7 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம்; கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம் அளவில் உள்ளன. உலகக் கடல்கள் எங்கும் இந்த விகிதம் பெரிதும் மாறுவதில்லை. கடல்மீனின் உடல் இந்த விகிதத்துக்கே பழகியது. ஆகவே சமையல் உப்பைக் கரைத்தால் அது கடல்நீர் ஆகாது. தொட்டிக்கென்றே விற்கும் கலவை உப்பைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அந்தக் கலவையை எந்த நீரில் கரைக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. சாயத் தொழில் நடந்த பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே பல உப்புகள் கரைந்திருக்கின்றன. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு வழியில்லாதபோது 2000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. 2000 மில்லிகிராம் உள்ள நீரில் 10 லிட்டரைத் தொட்டியில் ஊற்றினால் 20 கிராம் உப்பு சேர்கிறது. 100 லிட்டர் தொட்டியில் பத்து முறை இவ்வாறு ஊற்றினால் லிட்டருக்கு 2 கிராம் உயர்ந்துவிடும். உயர்ந்ததும் கடலின் விகிதத்தில் அன்று. எனவே, ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரில் கலவையைக் கரைப்பதே இப்பகுதிக்கு ஏற்றது. டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் ஐயம் உடனே தீரும்.

இன்னொரு பிழை பலரும் செய்வது. ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக உப்புநீரையே ஊற்றுவார்கள். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 100 லிட்டரில் 10 லிட்டர் குறைந்தால் மீதமுள்ள நீரின் உப்பு 35 கிராமிலிருந்து கிட்டத்தட்ட 39 ஆகிறது. அந்த இடத்தை உப்புநீரால் நிரப்பினால் 38.5 என்ற அளவிலேயே நின்றுவிடும். அடுத்த முறை மேலும் ஏறும். குறைந்ததை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். ஹைட்ரோமீட்டரில் 1.023 முதல் 1.025 வரை நிலையாக இருக்கிறதா என்று வாரந்தோறும் பாருங்கள்.

தெளிந்த நீரில் மறைந்த நஞ்சு

மீனின் கழிவும், மிஞ்சிய உணவும், மறைவில் செத்துக் கிடக்கும் சிற்றுயிரும் அழுகி அம்மோனியாவாகின்றன. இதற்கு நிறமில்லை, நீர் கலங்குவதும் இல்லை. நீரில் அம்மோனியா இரு வடிவில் இருக்கிறது. ஒன்று தீங்கு குறைந்தது. மற்றது மீனின் செவுளைத் தாக்குவது. நீரின் காரத்தன்மை ஏற ஏற நஞ்சு வடிவின் பங்கு கூடுகிறது. நடுநிலையான நன்னீரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் இது, கார அளவு 8.2 உள்ள கடல்நீர்த் தொட்டியில் அதைப்போலப் பத்து மடங்கையும் தாண்டிவிடும். நன்னீர்த் தொட்டியில் பொறுத்துக்கொள்ளப்படும் சிறு அசட்டை கடல்நீர்த் தொட்டியில் உயிரைக் குடிப்பது இதனால்தான்.

இந்த நஞ்சை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையிலும் வடிகட்டியிலும் குடியேற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுவோர் இழப்பது இந்தப் பொறுமையின்மையால். வடிகட்டியைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாலும், நீரிலுள்ள குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரிலேயே அதை அலச வேண்டும்.

மின்வெட்டும் கோடையும்

உப்பும் வெப்பமும் பிராணவாயுவுக்குப் பகை. 25 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவு பிராணவாயுவைத் தாங்கும். கடல்நீர் 7-க்கும் குறைவாகவே தாங்கும். 30 பாகையில் அது 6-ஐ ஒட்டி இறங்கிவிடும். கொங்கு நாட்டுச் சித்திரை வெயிலில், இரவு மின்சாரம் போய்க் காற்றுக் குழாய் நின்றுவிட்டால், விடியற்காலையில் பெரிய மீன்கள் முதலில் மடிந்து கிடக்கும். மின்சாரம் விடியுமுன் வந்துவிட்டால் நடந்ததே நமக்குத் தெரியாது.

பெருங்கடலிலும் இதுவே நிகழ்கிறது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானது. நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. கடலுக்கே அந்த நிலை என்றால் நான்கடித் தொட்டிக்குச் சொல்ல வேண்டுமா? மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுக் கருவி ஒன்றையோ, இன்வெர்ட்டர் இணைப்பையோ தொட்டிக்கென ஒதுக்குங்கள். மேல்மூடியை இறுக மூடாதீர்கள்.

வீட்டுக்குள்ளிருந்து வரும் கேடு

கொசுவர்த்திச் சுருளிலும், மின்சாரத்தில் செருகும் கொசு விரட்டியிலும், கரப்பான் பூச்சிக்குத் தெளிக்கும் மருந்திலும் பைரெத்ராய்டு வகை நஞ்சு உள்ளது. மனிதருக்கு அது சிறு கேடு. மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடியது. காற்றுக் கருவி அறையின் காற்றை உறிஞ்சித்தான் நீருக்குள் செலுத்துகிறது. ஆதலால் தொட்டியுள்ள அறையில் இவற்றைப் பயன்படுத்தலாகாது, கொசுவலையே போதும்.

சாயப்பட்டறையிலும் சலவைப் பட்டறையிலும் வேலை முடிந்து வருவோர் கையில் பிளீச்சிங், பெராக்சைடு, சாயத்தின் எச்சம் ஆகியன ஒட்டியிருக்கலாம். சோப்பும் அத்தரும் அப்படியே. கையை வெறும் நீரில் பலமுறை கழுவிய பின்பே தொட்டிக்குள் விடுங்கள். செம்புக் குழாய், செம்பு கலந்த மீன் மருந்து ஆகியன இறாலையும் நத்தையையும் முதலில் கொல்லும். இறால் செத்து மீன் பிழைத்திருந்தால் செம்பையும் பூச்சி மருந்தையும் ஐயப்படலாம்.

எங்கிருந்து வந்த மீன்?

சில மீன்கள் நம் வீட்டுக்கு வரும்போதே சாவைச் சுமந்து வருகின்றன. பிலிப்பைன்ஸில் 1960-களிலிருந்து சயனைடு கரைசலைப் பாறையிடுக்கில் பீய்ச்சி, மயங்கும் மீன்களைப் பிடிக்கும் வழக்கம் பரவியது. அப்படிப் பிடிபட்ட மீன் பார்வைக்கு நலமாக இருந்து, சில நாளோ சில வாரமோ கழித்துக் காரணம் தெரியாமல் மடியும். வேறு சில மீன்கள் செவுளில் ஒட்டுண்ணியோடு வரும். 'வெல்வெட்' எனப்படும் நோய் உடலில் அடையாளம் தோன்றுமுன்பே செவுளை அடைத்துக் கொன்றுவிடும். வாங்கிய மீனை நேரே தொட்டியில் விடாமல் 4 முதல் 6 வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதே இதற்குரிய காப்பு.

இயன்றவரை, குஞ்சுப் பொரிப்பகத்தில் பிறந்த மீனையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன்களை வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளன. அத்தகைய மீன்கள் தொட்டிக்குப் பழகியவை. பவளப்பாறையும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம். கீழக்கரையிலிருந்தோ இராமேஸ்வரத்திலிருந்தோ யாரேனும் அன்பளிப்பாகக் கொண்டு வந்தாலும் அவற்றை வீட்டில் வைப்பது குற்றம்.

ஒரு மீன் மடிந்தால் செய்ய வேண்டியவை

முதலில், செத்த மீனை உடனே எடுத்துவிடுங்கள். மற்ற எல்லா உயிர்களையும் எண்ணுங்கள். பாறைக்குப் பின்னால் இன்னொன்று அழுகிக்கொண்டிருக்கலாம்.

அடுத்து, காற்றைக் கூட்டுங்கள். ஒரு நாள் உணவை நிறுத்துங்கள்.

பின்னர் வெப்பம், உப்பு, கார அளவு, அம்மோனியா, நைட்ரைட் ஆகிய ஐந்தையும் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அம்மோனியா சிறிதளவு தென்பட்டாலும் ஆபத்தே. முன்னரே கரைத்து ஓர் இரவு காற்றூட்டிய, அதே வெப்பமும் அதே உப்பும் உள்ள நீரால் நான்கில் ஒரு பங்கை மாற்றுங்கள். முழு நீரையும் ஒரே வேளையில் மாற்றினால் அந்த அதிர்ச்சியே எஞ்சிய மீன்களைக் கொல்லும்.

நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து ஊற்றாதீர்கள். கடைசி மூன்று நாளில் வீட்டில் நடந்ததை நினைவு கூருங்கள்: மின்வெட்டு, வெள்ளையடிப்பு, பூச்சி மருந்து, புது மீன், புதுத் தண்ணீர் லாரி. எல்லாம் ஒரே இரவில் மடிந்தால் பிராணவாயுவையும் நஞ்சையும் பாருங்கள். ஒவ்வொன்றாக மடிந்தால் நோயையும் அம்மோனியாவையும் பாருங்கள். புதிய மீன் மட்டும் மடிந்தால் அது வந்த வழியைப் பாருங்கள்.

வெளியேற்றும் உப்புநீரை வாழைக்கும் தென்னைக்கும் ஊற்றவேண்டாம். 20 லிட்டரில் 700 கிராம் உப்பு இருக்கிறது. கிணற்றோரத்திலும் கொட்டலாகாது.

நொய்யல் என்னும் பெருந்தொட்டி

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, ஊத்துக்குளிக்குத் தெற்கே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலில், 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. தேங்கியதோ சாயக் கழிவு. துணிக்குச் சாயம் ஏற்ற அள்ளிப் போட்ட உப்பெல்லாம் அங்கே வந்து சேர்ந்தது. மீன் வளர்ந்த நீரில் மீன்கள் மடிந்தன, நிலம் கெட்டது, கிணறுகள் கெட்டன. அணை கட்டிய பின் அந்த நீர் வேண்டாமென்று உழவர்களே வழக்காடும் நிலை வந்தது. 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அதனால் தளர்ந்தது. பின்னர் கழிவை வடித்து, நீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறையோடு பட்டறைகள் மீண்டும் திறந்தன.

அந்த ஆற்றிலும் மீன்கள் காரணமின்றி மடியவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அளந்து எழுதிக் கேள்வி கேட்க நெடுங்காலம் ஆயிற்று. அதற்குள் மண்ணில் இறங்கிய உப்பை ஒரு தீர்ப்பால் எடுத்துவிட முடியவில்லை.

ஆகவே தொட்டிக்கென வாங்கும் டி.டி.எஸ். மீட்டரை ஒருமுறை நீங்கள் குடிக்கும் நீரிலும், பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கூடக் குழாயிலும் வைத்துப் பாருங்கள். உப்பின் அளவை மட்டுமே அது காட்டும். வேறு நஞ்சைக் காட்டாது. எண் மிகுந்திருந்தால் நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு குப்பி அனுப்புங்கள். மீனுக்காகத் தொடங்கிய அக்கறை வீட்டிலுள்ள குழந்தைக்கும் பயன்படட்டும்.