கூட்டம் வேறுதான்... மரபணு?

சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வாழை வாடல், தென்னை வெள்ளை ஈ என்று வரும் கடிதங்களுக்கு நடுவே இது வேறு மாதிரி.

'இளைய மகனுக்கு தலசீமியா. மூணு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்த காந்திபுரம் பஸ் ஏறுகிறோம். சொந்த அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். சொந்தமானாலும் கூட்டம் வேறதானுங்களே? மூத்த பெண் நல்லா இருக்கிறாள். மாசமா இருந்தப்ப, மருந்தடித்த மஞ்சள் காட்டில் களை எடுத்தேன். அதனாலயா? உன் வயித்துக் கோளாறுன்னு அத்தையே சொல்லிட்டாங்க.'

முதலில் மருந்து விஷயம். கர்ப்பிணிகள் பூச்சிமருந்து அடித்த காட்டுக்குள் போகக்கூடாது. கருவுக்கு வேறு கெடுதல்கள் வரலாம். ஆனால் தலசீமியா அப்படி வருவதில்லை. அது பிறப்பிலேயே பெற்றோரிடமிருந்து வருவது.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் உருவாகத் தேவையான மரபணு நம் ஒவ்வொருவருக்கும் ஜோடியாக இருக்கிறது. ஒன்று அப்பா கொடுத்தது, மற்றொன்று அம்மா கொடுத்தது. ஒன்று மட்டும் பழுதானால் ஆள் நன்றாகவே இருப்பார். லேசான ரத்தசோகை தெரியலாம். இவரைத்தான் டாக்டர்கள் 'கேரியர்' என்கிறார்கள். கணவன், மனைவி இருவருமே கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டு பழுதும் சேர்ந்து நோயாக வர. நாலு பெற்றால் ஒன்றுக்கு வரும் என்ற கணக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவது போல. மூத்தவள் தப்பியதும் இளையவன் மாட்டியதும் இப்படித்தான். ஆக, இது தாயின் வயிற்றுக் கோளாறு அல்ல. அப்பாவிடமிருந்து ஒரு பழுது வராமல் இந்த நோய் வரவே வராது.

அடுத்து கூட்டம். நம் பக்கம் ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுப்பதில்லை, அண்ணன் தங்கை முறை. ஆனால் கூட்டம் அப்பா வழியை மட்டும்தான் கணக்கில் வைக்கிறது. உங்கள் அப்பாவும் அத்தையும் உடன்பிறந்தவர்கள். அவர்களைப் பெற்றவர்களில் ஒருவரிடம் பழுது இருந்திருந்தால், அப்பா வழியாக உங்களுக்கும் அத்தை வழியாக உங்கள் கணவருக்கும் அதே பழுது வந்திருக்கும். உங்கள் வீட்டில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். கல்யாணமாகிப் போன வீட்டின் கூட்டம் வேறு. அத்தையின் உடம்பில் இருக்கும் மரபணு பிறந்த வீட்டுடையதுதானே!

பட்டியில் இதை நாம் நன்றாகவே அறிவோம். ஒரு கிடாய்க்குப் பிறந்த பெட்டைக்குட்டி பருவத்துக்கு வருமுன் கிடாயை மாற்றிவிடுவோம். மாற்றாவிட்டால் குட்டி நோஞ்சானாகும் என்று பாட்டன் காலத்திலிருந்தே தெரியும். மனிதரை ஆட்டோடு ஒப்பிடுவதா என்று கோபப்பட வேண்டாம், கணக்கு ஒன்றுதான். அத்தை, மாமன் பிள்ளைகள் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அக்கா மகளைக் கட்டினால் நாலில் ஒரு பங்கு. எந்தத் தம்பதிக்கும் 100 பிறப்புகளில் இரண்டு மூன்று குறைபாட்டோடு பிறக்கலாம். அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சொந்தத்தில் கட்டாவிட்டால் வராதா என்று காரமடை வாசகர் ஒருவர் முன்பு கேட்டிருந்தார். வரும். மேலே நீலகிரியைப் பாருங்கள். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் அங்குள்ள பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் மரபணு இந்தியாவில் இருப்பதை உலகுக்குச் சொன்னார்கள். அந்த மரபணு ஒன்று மட்டும் இருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. அதனால்தான் மலேரியா பரவிய காடுகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. இரண்டு சேர்ந்தால் ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து அடைத்துக்கொண்டு, தாங்க முடியாத வலி வரும். இதற்காக 2023 ஜூலையில் மத்திய அரசு தனி இயக்கமே தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறது. தலசீமியாவும் அப்படித்தான், சொந்தமே இல்லாத இரண்டு கேரியர்கள் கட்டிக்கொண்டாலும் வரும்.

எனவே ஜாதகம் பார்க்கும்போதே ரத்தத்தையும் பாருங்கள். ஹெச்.பி.எல்.சி. என்று கேட்டால் போதும், ஒரு தடவை எடுக்கும் ரத்தத்தில் இரண்டு நோய்க்கும் கேரியரா என்று தெரியும். வருடக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை தின்றும் ரத்தம் ஏறாதவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சகோதரி, மகனுக்குச் சத்து என்று இரும்பு டானிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஏற்றும் ரத்தத்திலேயே இரும்பு சேர்ந்து இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும்; அதை வெளியேற்ற டாக்டர் தரும் மாத்திரையை ஒரு நாளும் விட வேண்டாம். அடுத்த குழந்தை எண்ணம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்றாம் மாத வாக்கில், பதிவு பெற்ற மையத்தில் கருவைப் பரிசோதிக்க முடியும்.

மூத்த பெண்ணின் எலும்பு மஜ்ஜை தம்பிக்குப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஹெச்.எல்.ஏ. பரிசோதனையில் அது தெரியும். பொருந்தினால் மாற்று சிகிச்சைக்கு 'தலசீமியா பால் சேவா யோஜனா' திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு, வேலூர் சி.எம்.சி. அதில் இருக்கிறது. 104-க்கு அழைத்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனை விவரம் சொல்வார்கள். அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போகும்போது அத்தையையும் கூட்டிப்போங்கள். அவருக்கும் அந்த ஒரு பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். முடிவை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும்.