காகத்துக்கு வைத்த சோறு



மூஷிகம் விநாயகப் பெருமானின் வாகனம். ஆகவே எலியைக் குறை கூறி எழுதச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. ஆயினும் சென்ற புரட்டாதியில் என் வீட்டுப் பின்வளவில் நடந்ததைச் சொல்லாமல் விடுவது சரியன்று.

புரட்டாதிச் சனிதோறும் காகத்துக்குச் சோறு வைப்பது எங்கள் வழக்கம். பார்க்கிங்கில் காகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஊர்க் காகம்போல் கூப்பிட்டவுடன் வராது. எனவே புல்தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவோம். மறுநாட் காலையில் தட்டு துடைத்தாற்போல் இருக்கும். சனீஸ்வரன் ஏற்றுக்கொண்டார் என்று மனைவிக்கு மகிழ்ச்சி. மூன்றாம் சனிக்குப் பின் அடுத்த வீட்டு ஆங்கிலேய மூதாட்டி கதவைத் தட்டி, எங்கள் தோட்டக் கொட்டகையின் கீழ் இருந்த பொந்தைக் காட்டினார். வாய் மூன்று அங்குலம் இருக்கும். வெட்கமாகப் போய்விட்டது.

இந்நாட்டு வளவுகளில் காணப்படுவது மண்ணிற எலி. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பல்களில் இங்கு வந்தது. இதன் கர்ப்பகாலம் மூன்று கிழமைகள்தான். ஓர் ஈற்றில் எட்டுக் குட்டிகள் வரை சாதாரணம். ஈன்ற மறுநாளே மீண்டும் கருத்தரிக்கும். குட்டிகள் மூன்று மாதத்தில் தாயாகத் தயார். ஏப்ரலில் ஒரு சோடி வந்து, தாய் மாதமொருமுறை எட்டு ஈன்று, மூத்த மகள்மார் நால்வரும் ஒருமுறை ஈன்றால், ஆகஸ்ட் முடிவில் 74 எலிகள்! இது கடதாசிக் கணக்கு. உண்மையில் பெரும்பாலானவை ஒரு வருடத்துக்குள் இறந்துவிடும். எத்தனை மிஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக உணவுதான். மிசோராமில் 1959இலும் மீண்டும் 2006-2008இலும் மூங்கில் பூத்து விதை கொட்டியபோது எலிகள் பெருகி, பின்னர் வயல்களையே தின்று தீர்த்தன.

நம் பகுதி எலிக்கு வாய்ப்பானது. பெக்கன்ட்ரீ குடியிருப்பு 1921 முதல் 1935 வரை கட்டப்பட்டபோது வீட்டுக்கு வீடு தோட்டம் வைத்தார்கள். வேலியின் கீழால் ஒரு வளவிலிருந்து மறு வளவுக்குப் போக எலிக்கு ஒரு தடையுமில்லை. ஒரு வீட்டார் சோறு போட்டால் வரிசை முழுவதும் குடும்பம் பெருகும்.

மருத்துவன் என்ற முறையில் என் கவலை எலிக்காய்ச்சல். கிருமி எலியின் சிறுநீரில் வந்து, ஈர மண்ணிலிருந்து கீறல் காயங்கள் வழியே உடலில் ஏறும். இலங்கையில் 2008இல் மட்டும் 7,000 பேருக்கு மேல் இந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. வயலில் இறங்கியவர்கள் பலர். இங்கே அரிது. அரிது என்பதாலேயே சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடவும் கூடும். தோட்ட வேலை செய்து ஒன்றிரண்டு கிழமைகளில் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு வந்தால், மண்ணில் கைவைத்ததை வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கொடுத்தால் சாதாரண அன்டிபயோட்டிக் மருந்து போதும். தாமதித்தால் சிறுநீரகமும் ஈரலும் பழுதாகும்.

நஞ்சு வைக்கலாமே என்பீர்கள். நம்மிற் சிலர் இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் வார்ஃபரின் முதலில் எலிப்பாஷாணமாகத்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு அசையாத எலிகள் 1958இலேயே ஸ்கொட்லாந்தில் காணப்பட்டன. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தைக்கும் நரிக்கும் கேடு. மேலும் சோறு கிடைக்கும்வரை காலியான பொந்துக்கு வேறு எலி குடிவரும். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி, வளவிலுள்ள எலியை ஒழிக்கும்படி வீட்டுக்காரருக்குக் கவுன்சில் அறிவித்தல் அனுப்பவும் முடியும்.

நாங்கள் விரதத்தை விடவில்லை. இப்போது ஒரு கைப்பிடி மட்டும், உயரமான கம்பத்தில் பொருத்திய தட்டில், பகலில் வைக்கிறோம். எலி இருட்டில் வருவது. ஆகவே பொழுது சாயுமுன் மிச்சத்தை எடுத்து, மூடியுள்ள தொட்டியில் போடுகிறோம். சமைத்த உணவைப் பசளைக் குவியலில் போடுவதையும் நிறுத்தினோம். கொட்டகையின் அடியைக் கம்பிவலையால் அடைத்தேன். பொந்தின் வாயில் கசக்கிய பத்திரிகைத் தாளைச் செருகி வைத்தால் எலி உள்ளே இருக்கிறதா என்று தெரியும்; இருந்தால் இரவில் அதைத் தள்ளிவிடும். எங்கள் பொந்தில் மார்கழி முழுவதும் தாள் செருகியபடியே இருந்தது. மூதாட்டியும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துப் போனார்.