ஓய்வு வயது 60: யாருக்கு?

புதுதில்லி: மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 60-லிருந்து உயர்த்தப்படுமா என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் அடிக்கடி எழுகிறது. 2025 மார்ச்சில் மக்களவையில் இக்கேள்விக்குப் பதிலளித்த மத்திய பணியாளர் நலத்துறை இணையமைச்சர் ஜிதேந்திர சிங், அத்தகைய யோசனை எதுவும் பரிசீலனையில் இல்லை என்று தெரிவித்தார்.

1962-ல் 55-லிருந்து 58 ஆகவும், வாஜ்பாய் ஆட்சியில் 1998-ல் 60 ஆகவும் இந்த வயது உயர்த்தப்பட்டது. டாக்டர்கள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, மத்திய சுகாதாரப் பணி டாக்டர்களுக்கு 2016-ல் 65 ஆக்கப்பட்டது. உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு 65. இவற்றை முடிவு செய்யும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கோ வயது உச்சவரம்பே கிடையாது.

ஓய்வே இல்லாதவர்கள்

ஆனால், நாட்டின் முதியோரில் பெரும்பாலோருக்கு இந்த விவாதத்தால் பயனில்லை. விவசாயக் கூலிகள், கட்டடத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், தெருவோர வியாபாரிகள் ஆகியோருக்கு ஓய்வு ஆணையும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. உடல் ஒத்துழைக்க மறுக்கும் நாளே அவர்களது ஓய்வு நாள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் அதிகம். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக 2017-18-ல் 72 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட முதுமை குறித்த ஆய்வின் அறிக்கை 2021-ல் வெளியானது. 60 வயதைக் கடந்தோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் அப்போதும் வேலை செய்து கொண்டிருந்தனர். நான்கில் மூவருக்கு ஏதேனும் ஒரு நாள்பட்ட நோய் இருந்தது.

உழைத்துக்கொண்டே இருப்பது உடலுக்கு நல்லது என்பார்கள். விருப்பப்பட்டு, உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அது பொருந்தலாம். ரத்த அழுத்தத்துடனும் மூட்டு வலியுடனும் செங்கல் சுமப்பவருக்கு அது பொருந்தாது. படுத்துவிட்டால் வருமானம் நிற்கும். அதே நாளில் மருந்துச் செலவு தொடங்கும்.

மாறாத ரூ. 200

வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கான தேசிய ஓய்வூதியத் திட்டம் 1995-ல் மாதம் ரூ. 75 என்ற அளவில் தொடங்கியது. 2007-ல் இந்திரா காந்தி பெயர் சூட்டப்பட்டபோது மத்திய அரசின் பங்கு ரூ. 200. தகுதி வயது 65-லிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டதும், 80 வயதைக் கடந்தோருக்கு ரூ. 500 ஆக உயர்த்தப்பட்டதும் 2011-ல். மற்றவர்களுக்கு அதே ரூ. 200 நீடிக்கிறது. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்ப்பதால் கையில் கிடைக்கும் தொகை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. மத்திய அரசின் பங்கை உயர்த்துமாறு ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை பரிந்துரைத்தும் பலனில்லை.

70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை இலவசச் சிகிச்சை அளிக்கும் வகையில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. எனினும் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளுக்கு அதில் வழியில்லை. முதியவரை மீண்டும் வேலைக்கு விரட்டுவது பெரும்பாலும் அந்தச் செலவுதான்.

முதுமையிலும் நோயிலும் அரசு உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 41-வது பிரிவு; அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு. 2007-ல் இருந்த அதே சக்திதான் இன்றும் இருக்கிறதா? ஓய்வு வயது பற்றி அவையில் கேட்போர், இதையும் சேர்த்துக் கேட்கலாம்.