சரக்கு வண்டியில் சாய்ப்புப் பெட்டி

பெங்களூர் நகர ரயில் நிலையத்துக்கு அருகே அமைந்துள்ள ஒக்கலிபுரம் போன்ற பழைய பகுதிகளின் குறுகிய சந்துகளில் பெரிய லாரிகள் நுழைய இயலாது. அத்தகைய தெருக்களில் வீடுதோறும் குப்பை திரட்டும் பணியை ‘ஆட்டோ டிப்பர்’ எனப்படும் சிறு வண்டிகள் செய்து வருகின்றன. பெட்டி நிரம்பியதும் வண்டி, சாலையோரம் காத்திருக்கும் பெரிய லாரியை அடைகிறது. ஓட்டுநர் ஒரு கைப்பிடியை இயக்குகிறார். பெட்டி மெல்ல எழுந்து சாய, குப்பை தானாகவே சரிந்து விழுகிறது. கூடையும் மண்வாரியும் கொண்டு அழுகிய கழிவைத் தொழிலாளர் கையால் அள்ளும் துன்பம் இதனால் பெரிதும் குறைகிறது.

இவ்வண்டிகளுள் பல, 2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் வெளியிட்டதும் தமிழகத்தில் ‘குட்டி யானை’ என்று மக்கள் அழைப்பதுமான ‘ஏஸ்’ வகையைச் சேர்ந்தவை. அடிப்படையில் இது தட்டையான தளம் கொண்ட சாதாரண சரக்கு வண்டியே. இத்தகைய வண்டியில் சாய்ப்புப் பெட்டியைப் பொருத்துவது எளிய வேலை போலத் தோன்றும். ஆயின், பெட்டியைத் தூக்குவது எளிது. தூக்கியதைத் தாங்குவதே அரிது. இவ்வுண்மையை மறப்பதனால்தான் விபத்துகள் நேருகின்றன.

மாட்டுவண்டி காட்டும் பாடம்

எருவை வயலில் கொட்டும் உழவர், வண்டியின் பின்தட்டியைக் கழற்றி, மாடுகளை அவிழ்த்து, நுகத்தடியை மேலே தூக்கிவிடுவார். வண்டி பின்புறம் சாய, எரு சரிந்து விழும். அரை டன் பாரத்தை இருவர் சாய்க்க முடிவதன் காரணம் யாது? வண்டியின் அச்சு பாரத்தின் நடுவே, அதன் ஈர்ப்பு மையத்துக்கு ஏறத்தாழ நேர் கீழே உள்ளது. தராசைப் போல் இரு பக்கமும் சமன்பட்டிருப்பதால் சிறிய விசையே போதும்.

மோட்டார் வண்டியில் இவ்வசதி இல்லை. பெட்டி அதன் பின்கோடியில் உள்ள கீலில் திரும்புகிறது. எனவே பாரம் முழுவதும் கீலுக்கு முன்புறமே அமைகிறது. பெட்டியின் நீளம் 2 மீட்டர், அதன் எடை 250 கிலோகிராம், சரக்கு 600 கிலோகிராம் என்று கொள்வோம். 850 கிலோகிராம் எடையும் கீலிலிருந்து 1 மீட்டர் தொலைவில் கீழ்நோக்கி இழுக்கும். தூக்கும் தண்டு கீலிலிருந்து அரை மீட்டரில், தளத்துக்கு 30 பாகை சாய்வில் பொருத்தப்பட்டிருப்பின், நெம்புகோல் விதிப்படி அது 3,400 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைத் தரவேண்டும். அதாவது பாரத்தைப் போல் நான்கு மடங்கு! பெட்டி உயர உயர இவ்விசை குறைந்து, 45 பாகையில் ஏறத்தாழ 1,200 கிலோகிராம் ஆகிவிடும். எனவே, சாதனத்துக்குப் பெருஞ்சோதனை தொடக்கத்திலேயே ஏற்படுகிறது.

திரவத்தின் ஆற்றல்

இவ்வளவு பெரிய விசையைச் சிறிய சாதனம் அளிப்பது எங்ஙனம்? அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கிய விதி. 63 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள உருளையின் பரப்பு 31 சதுர சென்டிமீட்டர். பம்பு அனுப்பும் எண்ணெய் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 110 கிலோகிராம் அமுக்கம் தந்தால், தேவையான 3,400 கிலோகிராம் கிடைத்துவிடும்.

இவ்வமைப்பில் தண்டு 33 சென்டிமீட்டர் நீண்டால் பெட்டி 45 பாகை எழும். அதற்கு ஏறத்தாழ 1 லிட்டர் எண்ணெய் தேவை. நிமிடத்துக்கு 3 லிட்டர் தரும் பம்பு இதனை 20 வினாடிகளில் முடிக்கும். இழப்புகளை நீக்கிப் பார்த்தால், செலவாகும் ஆற்றல் அரைக் குதிரைத்திறனுக்கும் குறைவே. பெரிய லாரிகளில் பம்பு கியர்ப்பெட்டியின் சுழற்சியால் இயங்கும். சிறு வண்டிகளில் அவ்வாறோ, பாட்டரியால் ஓடும் மோட்டாரைக் கொண்டோ அதனை இயக்கலாம்.

தாங்கும் பொறுப்பு

‘சேசிஸ்’ எனப்படும் அடிச்சட்டம், பாரம் தளமெங்கும் பரவி நிற்கும் என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. பெட்டி எழுந்ததும் பாரம் கீலிலும் உருளையின் பிடிப்பிலுமாகச் சில புள்ளிகளில் குவிகிறது. இதனைப் பகிர்ந்து பரப்புவதற்கு அடிச்சட்டத்தின் மீது நீளவாக்கில் துணைச்சட்டம் ஒன்று அமைக்கவேண்டும். கண்ட இடங்களில் துளையிடுவதும் பற்றவைப்பதும் அடிச்சட்டத்தின் வலிமையைக் கெடுக்கும்.

எடைக் கணக்கையும் மறத்தல் ஆகாது. 750 கிலோகிராம் ஏற்ற அனுமதி பெற்ற வண்டியில் புதிய சாதனங்களால் 150 கிலோகிராம் கூடினால், சரக்குக்கு எஞ்சுவது 600 கிலோகிராமே. பழைய அளவையே ஏற்றினால் அச்சு, டயர், பிரேக் ஆகிய அனைத்தும் வரம்பு மீறிய சுமையைத் தாங்க நேரிடும்.

கவனிக்கவேண்டிய அபாயங்கள்

உயர்ந்த பெட்டியின் கீழ்ப் பழுது பார்ப்பது மிகப் பெரிய அபாயமாகும். எண்ணெய்க் குழாய் வெடித்தால் அமுக்கம் நொடியில் மறைந்து பெட்டி விழும். வெறும் பெட்டியின் எடையே 250 கிலோகிராம் அன்றோ! எனவே உருளையின் வாயிலேயே பூட்டு வால்வு ஒன்று அமைதல் நலம். அதனை மட்டும் நம்பாது, பெட்டியைக் காலிசெய்து இரும்பு முட்டுக்கொடுத்த பின்னரே எவரும் தலையையோ கையையோ கீழே நீட்டவேண்டும்.

அடுத்தது, வண்டி பக்கவாட்டில் கவிழ்வது. தரை 12க்கு 1 என்ற அளவில் பக்கவாட்டில் சாய்ந்திருப்பின், 1.5 மீட்டர் உயரத்துக்கு எழுந்த ஈர்ப்பு மையம் 12.5 சென்டிமீட்டர் ஒதுங்கிவிடும். ஈரக் குப்பை ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் மட்டும் சரிந்தால் ஒதுக்கம் இன்னும் மிகும். சமதரையில் நிறுத்திச் சாய்ப்பதே முறை. தூக்கிய பெட்டியுடன் வண்டியை ஓட்டலாகாது. மின்கம்பிகள் தாழ்ந்த தெருக்களிலும், ரயில் பாலங்களின் அடியில் சாலை செல்லும் ஒக்கலிபுரம் போன்ற இடங்களிலும் இவ்விதி உயிர் காக்கும்.

சட்டம் கூறுவது

உரிமையாளர் தம் விருப்பம்போல் வண்டியை மாற்றியமைக்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடங்கொடுக்கவில்லை. தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் வலியுறுத்தியது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி அனுமதி பெறுதல் அவசியம். தொழிற்சாலையிலேயே சாய்ப்புப் பெட்டியுடன் வரும் வண்டியை வாங்குவது பலருக்கு இதனினும் எளிய வழியாக அமையும்.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளைக் கொண்டு விளக்கலாம். ஒன்று சிறியதாகவும், மற்றது நான்கு மடங்கு குறுக்குப் பரப்புள்ளதாகவும் இருக்கட்டும். இரண்டிலும் நீர் நிரப்பி, காற்றுக்குமிழி இன்றி மெல்லிய குழாயால் இணைக்கவேண்டும். சிறியதை 4 சென்டிமீட்டர் அழுத்தினால் பெரியது 1 சென்டிமீட்டரே நகரும். ஆனால் நான்கு மடங்கு விசையுடன் நகரும். பெரிய சிரிஞ்சினால் கீல் பொருத்திய பலகையொன்றைத் தூக்கச் செய்து, கீலுக்கு அருகிலும் தொலைவிலும் மாற்றி வைத்துப் பார்த்தால், மாணவர் நெம்புகோல் விதியையும் தம் விரல்களாலேயே உணர்வர். பின்னர் குழாயைச் சட்டென்று பிடுங்கிக் காட்டுக. பலகை விழும் வேகத்தைக் கண்ட மாணவன், முட்டுக்கட்டையின் தேவையை ஒருபோதும் மறக்கமாட்டான்.