பாகற்காய்ச் சாறு மாத்திரைக்கு மாற்றாகுமா?

நம் தோட்டங்களில் இனிப்புநீர் என வழங்கப்பெறும் நீரிழிவு நோய், இன்று பல குடும்பங்களின் கவலையாகிவிட்டது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் உடையோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளது. ஏறக்குறைய அறுவருள் ஒருவர்! நோய் கண்டவுடன் பாகற்காய்ச் சாற்றையும் வெந்தயத்தையும் நாடுவோர் நம்மிடையே பலர். இவற்றால் விளையும் பயன் யாது?

வெந்தயத்தில் நீரில் கரையும் நார்ப்பொருள் மிகுதி. அது குடலில் கூழ்போலாகி, உணவிலுள்ள மாச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது. பாகற்காய்க்கும் சர்க்கரையைச் சிறிது குறைக்கும் தன்மை இருக்கலாம். எனினும், ஆய்வு முடிவுகள் ஒருமித்தவையாக இல்லை. இவை நல்ல உணவுகளே. ஆனால், மருந்துக்கு மாற்று ஆகா.

மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றை மட்டும் நம்பினால், ஏறிய சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் ஓசையின்றிக் கெடுக்கும். காலில் தைத்த முள்ளும் உணரப்படாமற் போகும். மற்றோர் ஆபத்தும் உண்டு. இன்சுலினையோ சிலவகை மாத்திரைகளையோ எடுத்துக்கொண்டு, சாற்றையும் பருகி, பசியாறாமல் பால்வெட்டுக்குச் செல்வோருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம். வியர்வையும் நடுக்கமும் தோன்றினால், உடனே சர்க்கரை கரைத்த நீரை அருந்துதல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அவரை விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

மறைந்திருக்கும் சர்க்கரையையும் நாம் அறிதல் நன்று. டின்னில் வரும் இனிப்பூட்டிய கெட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே. காலையில் கசப்புச் சாறு, பத்து மணிக்குக் கெட்டிப்பால் தேநீர் என்றால் பயன் ஏது? கருப்பட்டியும் தேனும் இதற்கு விலக்கல்ல. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என அச்சிட்ட பொட்டலத்திலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் பொருள் கலந்திருக்கக்கூடும். மாவிலிருந்து எடுக்கப்படும் இப்பொருள் இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தும். அஸ்பார்டேம், சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்புகள் சர்க்கரையை நேரே உயர்த்துவதில்லை. ஆயினும், அவை சேர்ந்த பிஸ்கட்டிலுள்ள கோதுமை மாவு உயர்த்தும். ஆதலின், பொட்டலத்தின் முகப்பை மட்டுமன்றிப் பின்புறப் பட்டியலையும் படித்தல் வேண்டும். எழுத்தறிந்த பிள்ளைகள் பெற்றோருக்குப் படித்துக் காட்டலாம்.

பாகற்காயைக் கறியாகச் சமைத்து உண்போம். சாறு அருந்துவோர் அதனை மருத்துவரிடம் மறைக்காது கூறுக. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் இரத்தத்தைச் சோதித்தறிந்த மருத்துவரின் பொறுப்பு. அண்டை வீட்டாரின் அறிவுரை அதற்கு ஈடாகாது.