செஞ்சிக் கோட்டையும் சுற்றுப்புற மலைகளும்

செஞ்சிக் கோட்டை விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்துள்ளது. சென்னையிலிருந்து சுமார் 160 கி.மீ. தொலைவு. பெயர் கோட்டை என்றிருந்தாலும் இது மதில் சூழ்ந்த ஒரு நகரமாகவே இருந்தது. வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி (சந்திராயன் துர்கம்) ஆகிய மூன்று குன்றுகளையும் ஒரே மதில் முக்கோணமாகச் சுற்றி வளைக்கிறது. உள்மதில்களையும் சேர்த்தால் நீளம் ஏறத்தாழ 13 கி.மீ. என்பர். இன்றைய நெடுஞ்சாலை இந்த முக்கோணத்தின் ஊடாகவே செல்வதால், கோட்டையைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே அதைக் கடந்துவிடுவோர் பலர்.

இத்தாலியின் லூக்கா நகரமும் மதிலுக்குப் பெயர் பெற்றது. சுமார் 4 கி.மீ. நீளமுள்ள அந்த மதிலின் மேல் இன்று மரநிழலில் மக்கள் நடக்கிறார்கள். அம்மதில் பகைவரின் முற்றுகை எதையும் சந்தித்ததில்லை. 1812இல் வந்த ஆற்று வெள்ளத்தைத்தான் தடுத்தது. செஞ்சியின் கதை நேர் எதிரானது. மதில் கண்ட போர்கள் ஏராளம். மதில் நின்றது, நகரம் காலியானது.

கை மாறிய வரலாறு

கோட்டையைத் தொடங்கியவர் ஆனந்தக் கோன் என்று மரபுவழிச் செய்தி கூறுகிறது. இன்று காணும் மதில்களும் மண்டபங்களும் பெரும்பாலும் விஜயநகரத்தின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர் காலத்தவை. 1597இல் வந்த பிமெந்தா என்ற இயேசு சபைப் பாதிரியார் நகரின் பரப்பைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். 1649இல் பீஜப்பூர் சுல்தானகமும் 1677இல் சிவாஜியும் கோட்டையைக் கைப்பற்றினர்.

சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயரிடமிருந்து தப்பி 1689இல் இங்கு வந்து சேர்ந்தபோது, மராட்டிய அரசின் தலைமையிடமே செஞ்சிக்கு மாறியது. அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழ 1698 வரை ஆயிற்று; அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். எட்டு ஆண்டு தாக்குப்பிடிக்க உதவியது மதில் மட்டுமன்று. பாறைகளுக்கிடையே தேங்கிய சுனை நீரும், ராஜகிரி அடிவாரத்தில் வளைவுக் கூரையுடன் நிற்கும் பெரிய தானியக் களஞ்சியமும் அந்த வலிமையின் மறுபாதி.

மக்கள் நினைவில் நிலைத்தவர் ராஜா தேசிங்கு எனப்படும் தேஜ் சிங். ஆண்டது ஓராண்டுகூட இல்லை. 1714இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்து மாண்டார். அவரும் நண்பர் மோவுத்துகாரனும் நீலவேணிக் குதிரையும் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் இன்றும் ஊர் ஊராகச் செல்கின்றனர். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தனர். அதன்பின் நகரம் மெல்லத் தேய்ந்தது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி மட்டுமே. பெருமைக்குரியதுதான். ஆனால் மராட்டியர் இங்கு இருந்தது சுமார் 21 ஆண்டுகள். நாயக்கர் கட்டிய கோயிலும் நவாப் காலத்துப் பள்ளிவாசலும் சுற்றுலாப் பலகையில் ஒரு வரிக்குச் சுருங்கிவிடாமல் இருப்பது இனி எழுதுவோர், வழிகாட்டுவோர் கையில் உள்ளது.

பார்க்க வேண்டியவை

அயனப்பாக்கம், அம்பத்தூர் பகுதியிலிருந்து புறப்படுவோர் மதுரவாயல் புறவழிச்சாலை வழியாகப் பெருங்களத்தூர் சென்று, ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் அடைந்து மேற்கே திரும்பலாம். பேருந்தில் செல்வோர் கிளாம்பாக்கத்திலிருந்து செஞ்சி வழி திருவண்ணாமலை வண்டிகளில் ஏறலாம். விடியலில் கிளம்புவதே நல்லது. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். வெயில் ஏறிய பின் பாறைப் படிகள் கொதிக்கும், மாலை நெருங்கினால் மேலே ஏற விடுவதில்லை. குடிநீரைக் கீழிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். குரங்குகள் உண்டு, தின்பண்டப் பையைத் திறந்து வைக்காதிருப்பது நலம்.

உச்சிக்குச் சற்று முன் ஆழமான பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. அதன் மேல் போட்ட சிறு பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் மேலே போக முடியாது. பாலத்தின் நடுவே நின்று கீழே பார்த்தால் கோட்டையின் பாதுகாப்பு முறை முழுவதும் விளங்கிவிடும். உச்சியில் அரங்கநாதர் கோயில் உள்ளது. அடிவாரத்துக் கல்யாண மகாலில் சுட்டமண் குழாய்களின் வழியே தண்ணீர் கொண்டு வந்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரிக்கு ஏறுவோர் குறைவு; கூட்டம் பிடிக்காதவர்கள் அங்கே செல்லலாம். வேங்கடரமணர் கோயிலின் அழகிய தூண்கள் சில பிரெஞ்சுக்காரரால் புதுச்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்பவை அவையே.

சுற்றுப்புறம்

செஞ்சி மலைகள் வெறும் பாறைக் குவியல்போலத் தோன்றினாலும், புதுச்சேரிக்கு அருகே கடலில் கலக்கும் சங்கராபரணி ஆறு இம்மலைப் பகுதியில்தான் பிறக்கிறது. மழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் குன்றுகளுக்கிடையே ஏரிகளும் நெல் வயல்களும் பச்சையாக இருக்கும்.

ஊரை ஒட்டிய திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைக் கூறும் பழங்கல்வெட்டும் அங்குள்ளது. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இன்றும் இயங்கும் மேல்சித்தாமூர் செஞ்சிக்குக் கிழக்கே உள்ளது. வடக்கே சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதரின் குடைவரை.

விழுப்புரம் செல்லும் சாலையில் வரும் மண்டகப்பட்டுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிப் பிரம்மன், ஈசன், திருமால் மூவருக்கும் எடுத்த கோயில் இது என்று முதலாம் மகேந்திரவர்மன் இங்கே கல்வெட்டில் அறிவித்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டு முற்பகுதியில் குடையப்பட்ட இக்கோயில் வயல்களுக்கு நடுவே ஒரு தனிப்பாறையில் உள்ளது. வாயிலின் இருபுறமும் ஆளுயரத் துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் அங்கே வேறு யாரும் இருப்பதில்லை.